வீடே ஆலையாகும்போது: குளோஸ்டு செல் ஸ்ப்ரே ஃபோம் எப்படி வேலை செய்கிறது

வெப்பத்தைத் தடுக்க வீட்டுச் சுவரில் வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவை ஏதோ ஓர் ஆலையில் முழுதாகத் தயாராகி வருபவை. கண்ணாடி இழைப் பாய், ராக் வூல் பலகை, தெர்மாகோல் பலகை எல்லாமே அப்படித்தான். வெட்டி, பொருத்தி, மூடினால் வேலை முடிந்தது. குளோஸ்டு செல் ஸ்ப்ரே ஃபோம் மட்டும் வேறு மாதிரி. இரண்டு பீப்பாய்களில் இரண்டு திரவங்களாக அது வந்து சேர்கிறது. சூடேற்றிய குழாய்கள் வழியே உயர் அழுத்தத்தில் ஓடும் அந்தத் திரவங்கள், துப்பாக்கி போன்ற கருவியின் முனைக்கு வந்தபிறகுதான் ஒன்றோடொன்று கலக்கின்றன. சுவரில் பட்ட சில நொடிகளில் கலவை ஏறத்தாழ 30 மடங்கு பொங்கி, கெட்டியான நுரையாகிவிடுகிறது. அந்தப் பொருளைத் தயாரித்த ஆலை உங்கள் வீடுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்த நுரையின் நல்லது கெட்டது இரண்டும் விளங்கிவிடும். ஆலையில் வெப்பநிலையையும் கலவை விகிதத்தையும் கவனிக்க ஆள்கள் இருப்பார்கள். சரியில்லாத பலகையை ஒதுக்கிவிடலாம். இங்கே அத்தனை பொறுப்பும் துப்பாக்கியைப் பிடித்திருப்பவர் கையில். நன்றாக அமைந்தால் அதே தடிமனில் சாதாரணப் பொருள்கள் எதுவும் தராத காப்பு கிடைக்கும். கோணலாகிப் போனால் ஒட்டிய இடத்திலிருந்து பெயர்த்தெடுப்பது பெரும்பாடு.

இதன் வேதியியல் பெயர் பாலியூரித்தேன். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசென் நகரில் ஓட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த பாலிமர் குடும்பம் அது. மெத்தைக்குள் இருக்கும் மென்மையான நுரையும், குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இருக்கும் கெட்டி நுரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஸ்ப்ரே ஃபோமுக்கு வரும் பீப்பாய்களில் ஒன்றில் எம்.டி.ஐ என்ற, ஐசோசயனேட் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள் இருக்கும். மற்றொன்றில் அதோடு வினைபுரிந்து பிளாஸ்டிக்காக மாறும் பாலியால், வினையூக்கிகள், தீ பரவலைக் குறைக்கும் பொருள், அப்புறம் நுரைக்க வைக்கும் ஒரு திரவம். இந்தக் கடைசித் திரவம் அறை வெப்பத்தை ஒட்டியே கொதித்துவிடும் தன்மையுள்ளது. பீப்பாய்கள் இரண்டும் கலக்கும்போது எழும் வினை வெப்பத்தில் அது ஆவியாகி, இறுகிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கோடிக்கணக்கான நுண்ணிய குமிழ்களாக ஊதிவிடுகிறது. குமிழ்ச் சுவர்கள் உடையாமல் இறுகிவிடுவதால் வாயு உள்ளேயே சிறைப்பட்டுவிடும். ‘குளோஸ்டு செல்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான். நல்ல நுரையில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட குமிழ்கள் மூடியே இருக்கும்.

இதன் தம்பி ஓப்பன் செல் நுரை. அதை நுரைக்க வைப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீரும் ஐசோசயனேட்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளிவர, நுரை நூறு மடங்குக்குக் கிட்டப் பொங்குகிறது. குமிழ்கள் திறந்தே இருப்பதால் உள்ளே சாதாரணக் காற்று புகுந்துகொள்ளும். ஒரு கன மீட்டர் ஓப்பன் செல் நுரை ஏறத்தாழ 8 கிலோ இருக்கும், விரலால் அழுத்தினால் அமுங்கும். அதே அளவு குளோஸ்டு செல் நுரை 30 கிலோவை ஒட்டி இருக்கும், தட்டினால் மரம்போல ஒலிக்கும். பெயரில் பாதி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே பொருளின் மலிவு வடிவம், விலையுயர்ந்த வடிவம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நீராவியும் தண்ணீரும் வரும்போது இரண்டும் நடந்துகொள்ளும் விதம் நேரெதிரானது.

சரி, வெப்பத்தை இது எவ்வளவு தடுக்கிறது? அசையாத காற்றின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.026 வாட். கண்ணாடி இழை, ராக் வூல் போன்றவை காற்றை அசையாமல் பிடித்துவைப்பதன் மூலம் வேலை செய்பவை. ஆகவே காற்றை விஞ்ச அவற்றால் முடியாது, 0.032 முதல் 0.044 வரைதான் இறங்கும். குளோஸ்டு செல் நுரையின் குமிழ்களில் இருக்கும் வாயு காற்றைவிட ஏறத்தாழ பாதி அளவே வெப்பத்தைக் கடத்துகிறது. அதனால் நுரை 0.022 முதல் 0.026 வரை எட்டிவிடுகிறது. வெப்பத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் ஆர் மதிப்பில் (அமெரிக்க அலகில்) சொன்னால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை. ஓப்பன் செல்லுக்கும் இழைப் பாய்களுக்கும் இது 3.5ஐ ஒட்டி இருக்கும். ஆண்டுகள் போகப் போகக் குமிழ்களிலிருந்து வாயு மெல்லக் கசிந்து, காற்று உள்ளே ஊடுருவும். ஆர் மதிப்பு சற்றுக் குறையும். ஆகவே தயாரிப்பாளர் சொல்லும் எண் புதிதாகத் தெளித்த நுரைக்கா, முதுமையாக்கிச் சோதித்த நுரைக்கா என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில் ஒரு பிசகு இருக்கிறது. 1 அங்குலத்தை 2 ஆக்கினால் நுரை வழியே போகும் வெப்பம் பாதியாகும். 2ஐ 4 ஆக்கினால் மிச்சமிருப்பதில் பாதி குறையும், அதாவது முதல் அளவில் கால் பங்கு. 4ஐ 8 ஆக்கினால் கிடைப்பது எட்டில் ஒரு பங்குதான். தடிமன் கூடக்கூடச் செலவு ஒரே சீராக ஏறுகிறது, பலனோ சரிந்துகொண்டே போகிறது. அதோடு, மரச் சட்டங்களுக்கு இடையில் நுரையை அடைக்கும்போது சட்டங்கள் அப்படியே இருக்கும். மரம் இந்த நுரையைவிட ஏறத்தாழ 5 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். இரும்புச் சட்டம் என்றால் சொல்லவே வேண்டாம். சட்டங்களுக்கு இடையில் எவ்வளவு உயர்ந்த பொருளை நிரப்பினாலும் சட்டங்கள் வழியே வெப்பம் போய்க்கொண்டுதான் இருக்கும். அங்கே, சட்டங்களுக்கு வெளிப்பக்கம் தொடர்ச்சியாக ஒரு பலகையை ஒட்டுவது பல நேரங்களில் இன்னும் புத்திசாலித்தனமான வழி.

இந்த நுரையின் உண்மையான பலம் காற்றை அடைப்பதில் இருக்கிறது என்பது என் கருத்து. வீட்டின் ஆற்றல் இழப்பில் கணிசமான பங்கு, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் வழியே நடக்கிறது. மரமும் சிமெண்டும் சந்திக்கும் விளிம்பு, கம்பிக்காகத் துளைத்த ஓட்டை, குழாயைச் சுற்றிய இடைவெளி இப்படி. குளிர்காலத்தில் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறி, கூரை இடுக்குகள் வழியே வெளியேறும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழ்த்தளத்தில் நுழையும். இழைப் பாய் இதைத் தடுக்காது. கம்பளிச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வாடைக் காற்றில் நிற்பது போலத்தான்: கம்பளி நல்லதுதான், காற்று அதற்குள் புகுந்து வந்துவிடுகிறது. ஸ்ப்ரே ஃபோம் திரவமாக உள்ளே நுழைந்து பொங்கி ஒட்டிக்கொள்வதால் வெட்டிப் பொருத்த முடியாத கோணல் இடங்களையும் அடைத்துவிடும்.

இடுக்குகள் அடைபட்டு வீடு இறுகினால் காற்றோட்டத்தைத் திட்டமிட்டுத் தர வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தே வருகிறது. முன்பு இடுக்குகள் வழியே தற்செயலாக வந்துபோன காற்று இனி வராது. சமையல், குளியல், மூச்சு என்று ஒரு குடும்பம் வெளியிடும் ஈரமும் வாசனையும் உள்ளேயே தங்கும். விசிறி வைத்த காற்றுப் பரிமாற்றி தேவைப்படும். இதைவிட முக்கியமான ஒன்று: வீட்டுக்குள் எரியும் பழைய வகைக் கொதிகலனோ அடுப்போ புகைபோக்கியை நம்பி இருந்தால், இறுகிய வீட்டில் புகை திரும்பி உள்ளே வரலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். உயிரைப் பறிக்கக்கூடிய இந்த ஆபத்தை நுரை விற்பவர் எப்போதும் எடுத்துச் சொல்வதில்லை. தெளிப்பதற்கு முன்னும் பின்னும் புளோயர் டோர் சோதனை செய்து, வாசலில் பொருத்திய விசிறியால் வீட்டை 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டுக்குக் கொண்டுவந்து கசிவை அளந்தால், வீடு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது ஊகமாக இல்லாமல் எண்ணாகக் கையில் கிடைக்கும்.

ஈரத்துக்கு வருவோம். எல்லாவற்றிலும் சிக்கலான பகுதி இதுதான், சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஈரக் காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும்போது நீராகப் படிகிறது. குளிர் நாடுகளில் உள்ளே இருக்கும் ஈரம் சுவரின் வெளிப்புறப் பலகையைத் தேடிப் போய்ப் படியும். வெப்பமான, ஈரப்பதம் மிகுந்த இடத்தில் ஏசி ஓடும் வீடென்றால் வெளியே இருக்கும் ஈரம் உட்புறத்தைத் தேடி வரும். எப்படியானாலும், அப்படிப் படிந்து உலராமல் நின்றால் மரம் மக்கும், பூஞ்சை பிடிக்கும். சுமார் 2 அங்குலத் தடிமனில் குளோஸ்டு செல் நுரை நீராவி ஊடுருவலை 1 பெர்முக்கு (நீராவி ஊடுருவலை அளக்கும் அலகு) கீழே கொண்டுவந்துவிடும். தனியாக ஒரு நீராவித் தடுப்புத் தாள் போட வேண்டிய வேலையை அதுவே செய்துவிடுகிறது என்று அர்த்தம். குளிர்ந்த பரப்பை ஈரக் காற்று போய்த் தொட முடியாததால் அந்தப் பக்கம் நீர் படிவதும் நின்றுவிடுகிறது.

தகரக் கூரையிலும் இரும்புச் சுவர்களிலும் இதன் பலன் கண்கூடு. இரவில் தகரம் வேகமாகக் குளிர்ந்து, அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். இழைப் பாயைத் தொங்கவிட்டால் அதன் பின்னால் ஈரக் காற்று புகுந்து, பாயே நனைந்து தொங்கும். நுரையோ தகரத்தோடு ஒட்டிக்கொள்வதால் ஈரக் காற்று தகரத்தைத் தொடவே வழியில்லை. கப்பல் கன்டெய்னர்களை வீடாக மாற்றுகிறவர்கள் இதை நாடுவது அதனால்தான். குறுகிய சுவருக்குள் குறைந்த இடத்தில் அதிகக் காப்பு வேண்டிய இடத்திலும் இதற்குச் சமமானது குறைவு. அடித்தளச் சுவரின் மேல் தரை உத்திரங்கள் வந்து உட்காரும் விளிம்பும் அப்படிப்பட்ட இடம்தான். வெள்ளம் வரக்கூடிய பகுதிகளில், நனைந்தாலும் தாங்கும் கட்டுமானப் பொருள்களின் பட்டியலில் அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா குளோஸ்டு செல் நுரையைச் சேர்த்திருக்கிறது. ஓப்பன் செல்லும் கண்ணாடி இழையும் அதில் ஏற்கப்படவில்லை.

ஆனால் எதையும் விடாத பொருள், உள்ளே மாட்டிக்கொண்டதையும் விடாது. கூரையின் வெளிப்பக்கம் நீர் புகாத தாள், உட்பக்கம் இந்த நுரை, நடுவில் மரப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ ஓர் ஆணித் துளை வழியே மழைநீர் கசிகிறது. ஓப்பன் செல்லாக இருந்தால் நீர் நுரை வழியே இறங்கி விட்டத்தில் கறையாகத் தெரியும், ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்துவிடுவீர்கள். குளோஸ்டு செல் நுரை சொட்டையும் காட்டாது, மரத்தை உள்பக்கமாக உலரவும் விடாது. வெளியே எதுவும் தெரியாமல் பலகை ஆண்டுக்கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். கூரை ஓட்டின் அடிப்பக்கத்திலோ பழைய கூரைத் தாளின் மேலேயோ நேரடியாகத் தெளிப்பது எனக்குச் சரியாகப் படாததற்கு இதுவே காரணம். பிரிட்டனில் இந்த அச்சம் வீட்டுக் கடன் வரைக்கும் போனது: கூரை மரங்கள் நுரைக்குள் மறைந்துவிட்டால் அவற்றின் நிலையை மதிப்பீட்டாளரால் பார்க்க முடியாது, பார்க்க முடியாத கூரைக்குக் கடன் தரச் சில நிறுவனங்கள் மறுத்துவிட்டன. நல்லபடியாகத் தெளித்த வீடுகளும் அதில் அடிபட்டன. பழைய வீட்டின் கூரையில் தெளிப்பதற்கு முன், விற்கும் நாளையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

கரையான் உள்ள இடங்களிலும் இதே சங்கடம். கரையான் இந்த நுரையைத் தின்று வாழ்வதில்லை, ஆனால் அதற்குள் துளைத்துக்கொண்டு மரத்தை அடையும். மண்ணிலிருந்து மரம்வரை நுரை இடைவிடாமல் மூடியிருந்தால் அதன் பாதை யார் கண்ணிலும் படாது. கண்ணால் பார்த்துச் சோதிக்க ஒரு பட்டை இடம் விட்டு வைப்பது அதனால்தான்.

இப்போது தெளிக்கும் வேலைக்கு வருவோம். இரண்டு திரவங்களும் கன அளவில் சமமாகக் கலக்க வேண்டும். ஒரு பக்கக் குழாய் அடைத்துக்கொண்டாலோ ஒரு பீப்பாய் குளிர்ந்திருந்தாலோ விகிதம் தடுமாறும். ஐசோசயனேட் கூடினால் நுரை மொறுமொறுவென்று உடையும். பாலியால் பக்கம் கூடினால் மெத்துமெத்தென்று இருக்கும், சில சமயம் மீன் கவிச்சி போன்ற நாற்றம் வீடு முழுக்க நிற்கும். தெளிக்கும் பரப்பு குளிர்ந்தோ ஈரமாகவோ இருந்தால் நுரை சரியாக ஒட்டாது. பிறகு சுருங்கி, சட்டத்திலிருந்து விலகி, மயிரிழை இடைவெளி விடும். மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 19 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று ஊசிமுனைக் கருவியால் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் தெளிப்பவரை நம்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

அவசரம் செய்யும் இன்னொரு கெடுதல் தடிமனில் வருகிறது. வினை வெப்பம் வெளியேற நேரம் வேண்டும். அதனால் ஒரு முறைக்குப் பொதுவாக 2 அங்குலத்துக்கு மேல் தெளிக்காமல், ஆறவிட்டு, அடுத்த அடுக்கைத் தெளிக்க வேண்டும். நுரையே வெப்பத்தைத் தடுக்கும் பொருள் அல்லவா, தடிமனாகத் தெளித்தால் தன் வெப்பத்தைத் தானே உள்ளே பூட்டிக்கொள்ளும். நடுப்பகுதி கருகும், மோசமான நிலையில் தீப்பிடித்தும் இருக்கிறது. வெளிப்பரப்பு பார்க்க அழகாகவே இருக்கும் என்பதுதான் இதில் கவலை தருவது. கனடாவில் பொருளுக்கு ஒரு தரநிலையும், அதைத் தெளிக்கும் முறைக்கு வேறொரு தரநிலையும் வைத்திருக்கிறார்கள். பீப்பாய் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, ஆபத்து தெளிக்கும் நேரத்திலும் அதை ஒட்டிய மணிநேரங்களிலும்தான் குவிந்திருக்கிறது. காற்றில் பரவும் ஐசோசயனேட் துளிகள் மூச்சுப் பாதையைத் தாக்கும். ஒரு முறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூடக் கடும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடலாம். வேலையாள்கள் வெளிக்காற்று தரும் முகமூடி அணிய வேண்டும் என்பதும், வீட்டார் குழந்தைகளோடும் செல்லப் பிராணிகளோடும் வெளியே தங்க வேண்டும் என்பதும் அதனால்தான். பொதுவாகக் குறைந்தது 24 மணி நேரம் என்பார்கள். தயாரிப்பாளர் குறிப்பில் அதிகமாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல் இத்தகைய ஐசோசயனேட்களைத் தொழில்முறையில் கையாளுபவர்கள் பயிற்சி பெற்றிருப்பது கட்டாயம். சரியாகக் கலந்து, முழுமையாக வினைபுரிந்து இறுகிய நுரை பெரும்பாலும் சாதுவானது. வெட்டும்போதும் சூடாக்கும்போதும் மட்டும் கவனம் வேண்டும்.

தீயைப் பற்றிச் சுருக்கமாக. இது பிளாஸ்டிக், தீத்தடுப்புப் பொருள் கலந்திருந்தாலும் எரியும், எரிந்தால் நச்சுப் புகை வரும். மக்கள் வசிக்கும் இடத்தில் இதை வெறுமனே விடக் கூடாது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் அரை அங்குல ஜிப்சம் பலகை போன்ற ஒரு மறைப்பைக் கேட்கின்றன. வெயிலில் பட்டாலும் நுரை பழுத்துப் பொடியாகும், அதனாலும் மறைப்பு தேவை.

சுற்றுச்சூழல் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்திருக்கிறது. தொடக்க கால நுரைகளில் சி.எஃப்.சி வாயு இருந்தது. ஓசோன் படலத்தை அரித்ததால் 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை அதற்கு முடிவுகட்டியது. பின்னால் வந்த எச்.எஃப்.சி வாயு ஓசோனுக்கு இடைஞ்சல் தரவில்லை, ஆனால் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு வலுவுள்ளது. ஆற்றலை மிச்சப்படுத்த என்று தெளித்த நுரை, அந்த மிச்சத்தில் பல ஆண்டுகளுக்கான பங்கை முன்கூட்டியே விழுங்கிக்கொண்டிருந்தது. 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் எச்.எஃப்.சியைப் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒத்துக்கொண்டன. இப்போது எச்.எஃப்.ஓ என்னும் வாயுக்கள் வந்துவிட்டன. அவற்றின் வெப்பமாக்கும் வலு ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கிறது. பொருளின் தகவல் தாளில் எந்த வாயு என்று போட்டிருப்பார்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு வரி ஆர் மதிப்பை விட முக்கியம். எந்த வாயுவானாலும் மூலப்பொருள் பெட்ரோலியம்தான் என்பதும், வீட்டை இடிக்கும் நாளில் மரத்தோடு ஒட்டிய நுரையைப் பிரித்து மறுபடி பயன்படுத்த முடியாது என்பதும் மாறவில்லை.

எல்லா இடத்திலும் இதையே நிரப்ப வேண்டும் என்பதும் இல்லை. காற்று கசியும் விளிம்புகளில் மட்டும் ஒன்றிரண்டு அங்குலம் தெளித்துவிட்டு, மிச்சக் குழியை இழைப் பாயால் நிரப்புகிறவர்கள் உண்டு. குளிர் நாடுகளில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: நுரையின் உட்பரப்பு நீர் படியாத அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கத் தேவையான தடிமன் இருந்தாக வேண்டும். குளிர் கூடிய இடத்தில் நுரையின் பங்கும் கூட வேண்டும். ஒரு அங்குலம் போதும் என்று எல்லா ஊருக்கும் ஒரே பதில் சொல்பவர் இந்தக் கணக்கைப் போடவில்லை.

தெளிக்க நாள் குறித்துவிட்டீர்கள் என்றால், அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. கூரைக் கசிவை அடைப்பது, புதிதாக மின்கம்பி இழுக்க வேண்டுமா என்று பார்ப்பது, பழைய குழாயை மாற்றுவதானால் மாற்றிவிடுவது. நுரை இறுகியபின் சுவருக்குள் கம்பி இழுக்க முடியாது. தெளிப்பதற்கு முந்தைய நாள், ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள்: சட்டம் எத்தனை அங்குலத்தில் இருக்கிறது, கம்பி எந்த உயரத்தில் ஓடுகிறது, குழாய் இணைப்பு எந்த மூலையில். தகவல் தாள், தெளித்த தேதி, அன்றைய வெப்பநிலை, எத்தனை அடுக்கு, யார் தெளித்தார் என்ற விவரங்களையும் அந்தப் படங்களோடு சேர்த்து வீட்டுப் பத்திரக் கோப்பில் வைத்துவிடுங்கள். பிற்காலத்தில் ஒரு கசிவைத் தேடியோ கடனுக்காக மதிப்பிடவோ வருபவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.